ஏரல் வரை போய்த் திரும்பிய முத்து

தூத்துக்குடி,
வெள்ளிக்கிழமை காலை.

நூறு வயசும் நல்ல பார்வையும் பெற்று இருக்க வேண்டிய என் தங்கை சண்முகசுந்தரிக்கு, அண்ணன் ஆறுமுகநயினார் ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும், உன் மதினி செல்லக்கிளியும், என் நாற்பது கற்களும் சுகம். போன மாதம் வரை கற்கள் நாற்பத்தொன்று. அந்த ஒன்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். அவ்விடம் உன் சுகமும், மாப்பிள்ளை ராஜதுரையின் சுகமும், ஆபரேஷன் ஆன உன் வலது கண்ணின் சுகமும் அறிய ஆவல். இன்னும் பத்து நாளைக்கு நீ எழுத்தை உற்றுப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால் மாப்பிள்ளைதான் இதை வாசித்துக் காட்டுவார். அவருக்கும் கண்ணாடி இல்லாமல் ஆகாது என்பதால், கரும்பலகையில் எழுதுவதுபோலப் பெரிதாக எழுதுகிறேன். போனில் சொல்லலாமே என்று கேட்பாய். போனில் பேசினால் என் வாயில் அந்த ஒரு சொல் வந்துவிடும். எந்தச் சொல் என்று உனக்குத் தெரியும்.

உன் கல்யாணத்துக்கு முதல் நாள் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். அப்போது நான் வாத்தியார் வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம். திரேஸ்புரம் கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கிற ஒருவர், தன் மகன் அறிவியலில் பாஸான சந்தோஷத்தில், சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளில் மடித்து ஒரு முத்தை என் கையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். கொத்தமல்லி விதை அளவுதான். உருண்டை என்றும் சொல்ல முடியாது. ஒரு பக்கம் யாரோ பெருவிரலால் அழுத்திவிட்டதுபோல் சப்பையாக இருக்கும். அதைப் பஞ்சில் வைத்து ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையெல்லாம் மருதாணியோடு நீ பின்னால் வந்து நின்று, "அண்ணே, அந்த முத்து எனக்கா?" என்று கேட்டாய். நான், "பாப்போம்" என்றேன். நீயும் சரி என்று போய்விட்டாய். மறுநாள் உனக்கு ஒரு வெள்ளிக் குங்குமச்சிமிழ் கொடுத்தேன். அது ஆகி முப்பத்தெட்டு வருஷம். "பாப்போம்" என்று சொன்னவன் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கொடுக்கத்தான் இல்லை.

அதற்கப்புறம் நீ கேட்டதே கிடையாது. போன மாதம் ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தோமே, அப்போதுதான் திடீரென்று, "அண்ணே, அந்த முத்து இப்பவும் இருக்கா?" என்றாய். எனக்கு யாரோ வருகைப் பதிவேட்டில் என் பெயரைக் கூப்பிட்டதுபோல் இருந்தது. இருக்கிறது என்றேன். "கண்ணு தெளிஞ்சதும் ஒரு தரம் காட்டுங்க. எனக்குன்னு கேக்கல, பாக்கத்தான் கேக்கேன். இப்ப எனக்கு வெள்ளையெல்லாம் பழுப்பாத் தெரியுது" என்றாய். அந்த "எனக்குன்னு கேக்கல" என்பதை வைத்துக்கொண்டு நான் பஸ் ஏறினேன் சுந்தரி. வழியெல்லாம் அது பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே உன் மதினியிடம், "முத்தைத் தங்கச்சிக்குக் குடுத்துரப் போறேன்" என்று சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீங்களா? யாராவது ரத்தம் கேட்டா ரெண்டு பாட்டில் குடுத்துருவீக. கிட்னி கேட்டாக்கூட யோசிப்பீக. கல்லு குடுக்க மாட்டீக" என்றாள்.

அவள் சொன்னதில் நியாயம் உண்டு. கல் சேர்ப்பது என்பது ஒரு கல்லில் நிற்கிற காரியம் இல்லை. முதலில் ஒன்று வரும். அது பெட்டியில் ஒற்றையாகக் கிடக்கிறதே என்று இரக்கப்பட்டு இன்னொன்று வாங்குவோம். இரண்டும் ஒரே நிறமாக இருக்கிறதே என்று மூன்றாவது. பிறகு பழைய மாணவன் ஒருவன் கல் கிடைக்கிற காங்கேயம் பக்கம் வேலைக்குப் போய் ஒரு பொட்டலம் கொண்டுவருவான். துறைமுகத்தில் வேலை பார்க்கிற இன்னொருவன் கொழும்பில் வாங்கியது என்று ஒன்றைக் கொண்டுவருவான். நாலு ஜியோமெட்ரி பாக்ஸில் பஞ்சு விரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குழி வைத்து அடுக்கியிருக்கிறேன். காலை எட்டு மணி வெயிலில் ஒன்றை எடுத்துப் பிடித்தால், மேலே இருந்து பார்க்கிறபோது சாதாரணமாகக் கிடந்த கல்லுக்குள் ஒரு விளக்கு எரியும். அது யார் ஏற்றியது என்று முப்பத்தொரு வருஷம் பிள்ளைகளுக்கு ஒளிவிலகல் நடத்தியவனுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் மறுநாள் எட்டு மணி எப்போது வரும் என்று இருக்கும். இத்தனைக்கும் ஒரு கல்லைக்கூட நான் மோதிரத்தில் போட்டதில்லை.

சரி, பெரிய கணக்கு வராத பிள்ளைக்கு என்ன செய்வோம்? ஒன்பதாம் வாய்ப்பாட்டையா முதலில் கொடுப்போம்? இரண்டாம் வாய்ப்பாட்டில் ஆரம்பிப்போம். அதேபோல் கொடுக்கிற பழக்கத்தை நானும் சின்னக் கல்லில் ஆரம்பித்துப் படிப்படியாக முத்துக்கு வருவது என்று தீர்மானித்தேன். முதலில் ஒரு கோமேதகம். டீத்தண்ணீர் நிறம். ஆகவே எங்கள் தெரு முக்கில் டீக்கடை வைத்திருக்கிற அருமைநாயகம் அண்ணாச்சிக்கு என்று முடிவு செய்து, கடையில் நாலு பேர் பார்க்க அவர் கையில் வைத்தேன். வைத்த கை திரும்பி வரவில்லை. கல்லின் மேலேயே நிற்கிறது. அப்போதுதான் என் வாய் தானாக ஒரு காரியம் செய்தது. "அண்ணாச்சி, மூணு ராத்திரி தலகாணிக்கு அடியில வச்சுப் பாருங்க. ஒத்துக்கலேன்னா கூச்சப்படாமக் கொண்டாந்திருங்க" என்றது.

நம் பக்கம் ராசிக்கல் கொடுப்பவர்கள் சொல்கிற வழக்கம்தான். மஞ்சள் துணியில் முடிந்து மூன்று ராத்திரி வைத்துத் தூங்க வேண்டும். கெட்ட சொப்பனம் வந்தால் கல் திரும்பிவிடும். கல்லுக்கு உன் ஜாதகம் தெரியாது, நீ தூங்குவதும் தெரியாது என்று வகுப்பு வகுப்பாக இதைக் கேலி செய்தவன் நான். அதே வாயால் அதைச் சொல்லிவிட்டு, மறுநாள் விடிந்ததும் டீக்கடையில் போய் நின்றேன். "தூக்கமெல்லாம் எப்படி அண்ணாச்சி?" "நல்ல தூக்கம் சார்வாள்." "சொப்பனம் ஏதும்...?" "வந்துச்சு. கடையில ஒரே கூட்டம்." எனக்கு மனசு விழுந்துவிட்டது. "கூட்டம்னா எப்படி? சண்டைக் கூட்டமா?" என்று கேட்டேன். அவர் டீயை ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பத்து மணிக்கு ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம், மறுநாளும் அதேபோல் போய்க் கேட்டேன். மூன்றாம் நாள் நான் போகும்போது பால் திரிந்துபோய் அவர் பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். "பால் திரிஞ்சிருச்சா!" என்று கேட்ட என் குரலில் இருந்த சந்தோஷத்தை எப்படி மறைப்பது என்று தெரியாமல் இருமினேன். அவர் கல்லாப்பெட்டியிலிருந்து மஞ்சள் முடிச்சை எடுத்து என் கையில் வைத்து, "சார்வாள், நமக்கு இதுல நம்பிக்கையே கெடையாது. கோயிலுக்குப் போறோம், ஜெபம் பண்ணுதோம், அதோட சரி. ஆனா நீங்க கேட்டுக் கேட்டே எனக்கு இருந்த தூக்கமும் போச்சு. கொண்டு போயிருங்க" என்றார். நான் வருத்தமாக வாங்கிக்கொண்டு, தெரு திரும்பியதும் வேகமாக நடந்தேன்.

அடுத்து தையல்காரர் வெள்ளத்துரை. அவருக்கு ஒரு சந்திரகாந்தக் கல். அவர் தலையணை வைத்துத் தூங்குகிறவர் இல்லையாம், கையைத்தான் தலைக்கு வைப்பாராம். அதை என்னிடம் சொல்லாமல் கல்லைக் கைக்கு அடியில் வைத்துப் படுத்திருக்கிறார். காலையில் கல்லைக் காணோம். அவர் மனைவி வீடு கூட்டும்போது, வெள்ளையாக உருண்டையாக ஒன்று கிடக்கிறதே என்று எடுத்து, பொத்தான் டப்பாவில் போட்டுவிட்டாள். அவர் அரக்கப்பரக்க ஓடிவந்து சொன்னதும் நான் சட்டை மாட்டிய மாட்டாததுமாகப் போய், இரண்டு பேரும் தரையில் வேட்டியை விரித்து, அந்த டப்பாவைக் கொட்டி, மத்தியானம் வரை பொத்தான் பொறுக்கினோம். எத்தனை வகைப் பொத்தான் என்கிறாய்! கடைசியில் பள்ளிக்கூடச் சட்டைப் பொத்தான்களுக்கு நடுவில் அது நல்ல பிள்ளைபோல் கிடந்தது. "இது சரியான சகுனம் இல்ல வெள்ளத்துரை" என்று எடுத்துப் பையில் போட்டேன். அவர், "எந்த ஓட்டையுமில்லாத பொத்தான எவன் சார் செஞ்சான்னு எம் பொஞ்சாதி திட்டிக்கிட்டே போட்டிருக்கா" என்றார். வீட்டுக்கு வந்து அதை அதன் குழியில் வைத்தேன். உன் மதினி எட்டிப் பார்த்து, "குடுத்ததெல்லாம் வந்து சேந்துட்டா? ரேஷன் கடையில கூட இம்புட்டு ஒழுங்கா திருப்பிக் குடுக்க மாட்டாங்களே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்றாவதுதான் ஆனி. உனக்குத் தெரியும், திரேஸ்புரத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவள். ஒரு நாள் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் படியில் அப்படியே தலையைச் சாய்த்துவிட்டாள். என்ன என்று கேட்டால், வீட்டுக்காரர் கடலுக்குப் போனால் திரும்ப எட்டு நாள் பத்து நாள் ஆகிறது, அதுவரை கண்ணில் பொட்டுத் தூக்கம் கிடையாது என்றாள். நான் பெட்டியைத் திறந்து கோமேதகத்தைத்தான் தேடினேன். கை என்னமோ பக்கத்துக் குழிக்குப் போய்விட்டது. அந்தச் சிவப்புக் கல்; மாதுளம் விதைபோல் இருக்குமே, முத்துக்கு அடுத்து நான் அதிகம் எடுத்துப் பார்ப்பது அதைத்தான். கொடுத்துவிட்டு, மறக்காமல் மூன்று ராத்திரிக் கதையையும் சொன்னேன். மூன்று நாள் ஆயிற்று. நாலாம் நாளும் ஆயிற்று. மீன் வருகிறது, வேறொருத்தி கொண்டுவருகிறாள். ஐந்தாம் நாள் பொறுக்கமாட்டாமல் நானே திரேஸ்புரத்துக்குப் போனேன். படகுகள் வந்து மீன் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் வீட்டு வாசலில் வலையின் மேல் உட்கார்ந்து பிள்ளைக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள்.

"ஆனி, சொப்பனம் ஏதும் வந்துச்சா?" என்றேன். "சொப்பனமா? கட்டையக் கெடத்துன மாதிரித் தூங்குதேன் சார். விடியக்கால ஏலத்துக்கு எந்திரிக்க முடியல. அதான் ரெண்டு நாளா நம்ம தெருவுக்கு அவள அனுப்புனேன்" என்றாள். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய், ஜெபமாலையோடு சேர்த்து முடிந்து வைத்திருந்த மஞ்சள் துணியை எடுத்து வந்தாள். "வேணும்னா கொண்டு போங்க சார். கல்லு வேல செய்யுதா என்னன்னு எனக்குத் தெரியாது. குடுத்தத தலைக்கு அடியில வச்சுக் கெடக்கேன், தூக்கம் வருது. அம்புட்டுதான்."

சுந்தரி, முடிச்சு என் உள்ளங்கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அது அலுமினியமும் இரும்பும் சிலிக்காவும் கலந்த ஒரு துண்டு, அதற்கும் அவள் தூக்கத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று எடுத்துச் சொல்ல எனக்குத் தெரியும். பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். "வச்சுக்கோ" என்றேன். சொன்ன பிறகுதான் சொன்னது நான் என்று தெரிந்தது. நல்ல மீனாக ஒன்றை ஓலைப்பெட்டியில் வைத்துக் கொடுத்தாள். கல் போன கையில் மீனோடு வந்தேன்.

அன்றிலிருந்து அந்தக் குழி காலியாக இருக்கிறது. பஞ்சில் கல் இருந்த பள்ளம் அப்படியே இருக்கிறது. மற்ற நாற்பதையும் விட்டுவிட்டு நான் அந்தப் பள்ளத்தைத்தான் பார்க்கிறேன். காலை எட்டு மணிக்கு அந்தச் சிவப்பு இப்போது திரேஸ்புரத்தில் ஒரு தலையணைக்கு அடியில் இருட்டில் கிடக்கிறது, யாரும் அதை வெயிலில் பிடித்துப் பார்க்கவில்லை என்று நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது. அவள் தூங்குகிறாள் என்று நினைத்தால் அந்த ஏக்கத்துக்குள்ளேயே ஏதோ நன்றாகவும் இருக்கிறது. உன் மதினி ஒரு நாள் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "என்ன, பல்லு புடுங்குன எடத்த நாக்கால தடவுத மாதிரி தடவிக்கிட்டே இருக்கீக?" என்றாள். பல் போன இடம் ஆறிவிடும். ஆறாவிட்டாலும் சாப்பிடப் பழகிவிடும். இந்த உதாரணத்தை எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டேன்.

இனி உன்னிடம் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். மாப்பிள்ளை இந்த இடத்தைச் சிரிக்காமல் வாசிக்க வேண்டும். ஒவ்வொரு வருஷமும் ஆடி அமாவாசைக்கு நான் உன் ஊர் ஏரலுக்கு வருகிறேன் அல்லவா, வரும்போதெல்லாம் அந்த முத்து என் சட்டைப்பையில் வந்திருக்கிறது. இந்தத் தடவை கொடுத்துவிடுவது என்று வெள்ளித்தாளில் மடித்து வைத்துக்கொண்டுதான் பஸ் ஏறுவேன். வாழைத்தோட்டங்கள் கண்ணில் படுகிறவரை கொடுத்துவிடுவேன் போலத்தான் இருக்கும். உன் வீட்டு வாசலில் இறங்கியதும் கை தானாகப் பையின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். நீ வந்து பார்த்துவிட்டு, "என்னண்ணே, நெஞ்ச நெஞ்சப் புடிக்கீக? வலிக்கா?" என்பாய். என்ன சொல்ல? "லேசா" என்பேன். உடனே அடுக்களைக்கு ஓடிப் பத்துப் பல் பூண்டு உரித்துப் பாலில் போட்டுக் காய்ச்சிக் கொண்டுவருவாய். அண்ணனுக்கு இருதயம் சரியில்லை என்று நீ கோயிலில் எனக்காக நேர்ந்துகொண்டதும் எனக்குத் தெரியும். சுந்தரி, என் இருதயத்துக்கு ஒன்றும் இல்லை. டாக்டர் பார்த்துவிட்டார். நீ இத்தனை வருஷமும் பூண்டு காய்ச்சிக் கொடுத்தது ஒரு கோணல் முத்துக்கு. நான் அதையும் குடித்துவிட்டு, முத்தையும் திரும்பக் கொண்டுவந்திருக்கிறேன். முப்பது தடவைக்குக் குறையாமல் ஏரல் பஸ்ஸில் போய்த் திரும்பிய முத்து இந்த உலகத்தில் வேறு இருக்காது.

போன வாரம் கூரியரில் அனுப்பலாம் என்று போனேன். அங்கே இருந்த பையன், "உள்ளே என்ன சார்?" என்று கேட்டான். பதில் சொல்லப் பொட்டலத்தைப் பிரித்தேன். பிரித்ததும் பார்த்தேன். பார்த்ததும் வீட்டுக்கு வந்துவிட்டேன். காலை வெயிலில் அது குழந்தை நகத்தின் நிறம். சாயங்காலம் வடிகஞ்சியின் நிறம். மழை மூட்டமாக இருந்தால் ஒரு நிறமும் இல்லாமல், எதையோ சொல்ல வந்து நிறுத்தியதுபோல் இருக்கும். இதையெல்லாம் நான் ஒருத்தனே பார்த்து என்ன? புரை நீங்கிய கண்ணுக்கு வெள்ளை முதலில் லேசான நீலமாகத் தெரியும் என்கிறார்கள். அப்படியானால் நான் ஒரு நாளும் பார்க்காத ஒரு நிறத்தில் நீ அதைப் பார்ப்பாய். அது என்ன நிறம் என்று மட்டும் எனக்குச் சொன்னால் போதும்.

ஆகையால் இன்று உன்னைப் பார்க்க வருகிற உன் மதினியிடம், இந்தக் கடிதத்தோடு முத்தையும் பொட்டலமாகக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். இந்த முறை மூன்று ராத்திரி கிடையாது. சொப்பன விசாரணை கிடையாது. பால் திரிந்தாலும் மறுபடி வாங்க மாட்டேன். காட்டுவதற்கு இல்லை, உனக்கே உனக்குத்தான். "பாப்போம்" என்ற சொல்லை இத்தோடு அழிரப்பர் போட்டு அழித்துவிட்டேன்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல்லவும். இவ்வளவு நீளம் வாசித்ததற்கு அவருக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுக்கவும். மருந்தை நேரம் தவறாமல் விட்டுக்கொள். தலைக்கு ஊற்றாதே, குனிந்து எதையும் தூக்காதே. ஏரலைத் தொட்டுப் போகிற நம் ஆறு உன் கண்ணில் மறுபடி தெளிவாக ஓடட்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உன் அண்ணன்,
ஆறுமுகநயினார்.

பின்குறிப்பு: ஆட்டோ வந்து நிற்கிறது. மதினி சேலை மாற்றிக்கொண்டிருக்கிற நேரத்தில் பொட்டலத்தை ஒரே ஒரு தரம் பிரித்துப் பார்த்தேன். அது தப்பு. இப்போது அதில் பஞ்சு மட்டும்தான் இருக்கிறது. மதினிக்கு இது தெரியாது. மாப்பிள்ளை இந்த இடத்தில் குரலைத் தாழ்த்தி வாசிக்கவும். முத்து என் சட்டைப்பையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி பஸ்ஸில் நானே வருகிறேன். பூண்டு உரிக்காதே. நெஞ்சு வலிக்கிறதா என்றும் கேட்காதே. நான் வாசலில் நின்று செருப்பைக் கழற்றுவதற்குள், என் கை அங்கே போய்ச் சேருவதற்குள், என்னை ஒரு வார்த்தையும் கேட்காமல், என் சட்டைப்பைக்குள் உன் கையை விட்டு நீயே எடுத்துக்கொள்.